ஸ்டெப்னியும் இரண்டு நெம்புகோல்களும்

காரில் இருக்கும் உபரிச் சக்கரத்தை நாம் எல்லோரும் 'ஸ்டெப்னி' என்கிறோம். லாரி டிரைவர் முதல் கலெக்டர் ஆபீஸ் ஜீப் ஓட்டுநர் வரை அதே சொல்தான். அது ஒரு தெருவின் பெயர் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. தெருவுக்குப் பிறகு வருகிறேன். முதலில் டயரைக் கையால் கழற்றி, பஞ்சர் ஒட்டி, மறுபடி மாட்டும் வேலை எப்படி உண்டானது என்று பார்ப்போம். இதில் ஒரு பெரிய கம்பெனியின் பிறப்பும், ஒரு காப்புரிமையின் சாவும் இருக்கின்றன.

காற்றடைத்த சக்கரத்துக்கு முதலில் காப்புரிமை பெற்றவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஆண்டு 1845. அப்போது சாலையில் குதிரை வண்டிகள்தான். ரப்பர் பூசிய துணிக்குழாயைத் தோல் உறைக்குள் வைத்துச் சக்கரத்தைச் சுற்றிப் பொருத்தினார். விலை அதிகம், தேவை குறைவு. உலகம் அதை மறந்துபோனது.

நாற்பது வருஷம் கழித்து, பெல்பாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல் பாவிய தெருவில் குலுங்குவதைப் பார்த்துக் காற்றடைத்த குழாயைச் சுற்றிக் கொடுத்தார். 1888-இல் காப்புரிமையும் வாங்கினார். அடுத்த ஆண்டு வில்லியம் ஹியூம் என்ற பந்தய வீரர் பெல்பாஸ்டில் இந்த டயரோடு ஓடி வென்றார். அதற்குப் பிறகு கெட்டி ரப்பர் சக்கரத்தோடு பந்தயத்துக்குப் போகிறவர் ஏமாளி என்றாகிவிட்டது.

ஆனால் டன்லப் டயரில் ஒரு சங்கடம் இருந்தது. அது ரிம்மோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தது. ஒரு முள் குத்தினால் பசையை உரித்து, துணியைப் பிரித்து, ஓட்டையை அடைத்து, மறுபடி சுற்றி ஒட்ட வேண்டும். காய்வதற்கு ஓர் இரவு. ஆணியும் லாடத் துண்டும் இறைந்து கிடந்த அந்தக் காலச் சாலையில் இப்படி ஒரு வண்டியை நம்பி யார் வெளியூர் போவார்கள்?

இந்த இடத்தில் கதை பிரான்சுக்குப் போகிறது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் எனக்கு இந்தப் பகுதி கொஞ்சம் நெருக்கமானது. எரிமலைகள் அணைந்து கிடக்கும் ஒவேர்ஞ் பிரதேசத்தில் கிளேர்மோன்-ஃபெரான் என்ற ஊர். அங்கே விவசாயக் கருவிகளும் ரப்பர் சாமான்களும் செய்த ஒரு பழைய தொழிற்சாலை நொடித்துக் கிடந்தது. அதை எடுத்து நடத்த வந்தவர்கள் அண்ணன் தம்பி இருவர். அண்ணன் அந்த்ரே மிஷ்லேன், என்ஜினீயர். தம்பி எதுவார், ஓவியம் படித்தவர். 1889-இல் கம்பெனி அவர்கள் பெயருக்கு மாறியது.

ஒருநாள் பஞ்சரான டன்லப் டயரோடு ஒரு சைக்கிள்காரர் அவர்கள் வாசலில் வந்து நின்றார். கழற்றி ஒட்டுவதற்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு இரவெல்லாம் காய வைத்தார்கள். மறுநாள் எதுவார் அதை ஓட்டிப் பார்த்தார். சில நூறு மீட்டர் போவதற்குள் மறுபடி காற்று இறங்கிவிட்டது. வேறொருவர் அலுத்துக்கொண்டு விட்டிருப்பார். எதுவார் அதிலிருந்து இரண்டு முடிவுகளை எடுத்தார்: காற்று டயர்தான் எதிர்காலம், ஆனால் அதை யார் வேண்டுமானாலும், ஒட்டும் நிபுணர் இல்லாமல், சில நிமிஷங்களில் கழற்றி மாட்ட முடிய வேண்டும்.

1891-இல் கழற்றக்கூடிய டயருக்கு மிஷ்லேன் காப்புரிமை பெற்றார். உள்ளே தனிக் குழாய், வெளியே தனி உறை, ரிம்மில் இறுக்கிப் பிடிக்கத் திருகுகள். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே பரீட்சை வந்தது. 'லெ பெத்தி ழுர்னால்' பத்திரிகை பாரிஸிலிருந்து பிரெஸ்ட் வரை போய்த் திரும்பும் சைக்கிள் பந்தயம் நடத்தியது. சுமார் 1,200 கிலோமீட்டர். மிஷ்லேன் டயரோடு புறப்பட்டவர் ஷார்ல் தெரோன். டன்லப் டயரோடு புறப்பட்டவர் ழியேல்-லவால். தெரோன் 71 மணி 22 நிமிஷத்தில் பாரிஸ் திரும்பினார். இரண்டாவதாக வந்த ழியேல்-லவாலுக்கு அதற்கு மேல் எட்டு மணி நேரத்துக்கும் அதிகமாயிற்று. தெரோன் தூங்காமல் ஓட்டியதும் வெற்றிக்கு ஒரு காரணம்தான். ஆனால் ஊர் பேசியது டயரைப் பற்றி.

மறு வருஷம் சகோதரர்கள் தாங்களே பாரிஸிலிருந்து தங்கள் ஊருக்கு ஒரு பந்தயம் வைத்தார்கள். வழியில் ஓர் இடத்தில் வேண்டுமென்றே ஆணிகளை இறைத்து வைத்தார்கள்! பஞ்சர் ஆவது அவமானமில்லை, ஆனாலும் உடனே சரிசெய்துகொண்டு போகலாம் என்று காட்டத்தான். அவர்களுடைய புகழ்பெற்ற டயர் பொம்மை 1898-ஆம் ஆண்டு விளம்பரத்தில் கோப்பை நிறைய ஆணியும் கண்ணாடித் துண்டும் ஏந்தி நிற்பதன் பொருளும் அதுதான்.

இதே சமயத்தில் இங்கிலாந்தில் ஒரு வேடிக்கை. தாம்சனின் பழைய காப்புரிமை வெளியே வந்து, டன்லப்பின் காப்புரிமை செல்லாது என்றாகிவிட்டது. கம்பெனி எப்படிப் பிழைத்தது? 1890-இல் வெல்ச் என்பவரும் பார்ட்லெட் என்பவரும் டயரை ஒட்டாமலே ரிம்மில் நிறுத்தும் இரண்டு வழிகளுக்குத் தனித்தனியே காப்புரிமை பெற்றிருந்தார்கள். அவற்றை டன்லப் கம்பெனி விலைக்கு வாங்கிக்கொண்டது. காற்றை அடைத்தவரின் உரிமை நிலைக்கவில்லை. கழற்ற வழி சொன்னவர்களின் உரிமைதான் காசாயிற்று. ஆபீஸில் கோப்பு பார்த்தே காலம் கழித்த எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

வெல்ச் சொன்ன வழிதான் இன்றும் நம் சைக்கிளில் இருக்கிறது. டயரின் இரு ஓரங்களிலும் நீளாத கம்பி வளையம். அதன் சுற்றளவு ரிம் விளிம்பை விடச் சிறியது. அப்படியானால் எப்படிக் கழறுகிறது? ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒரு பக்கம் கம்பியைப் பள்ளத்துக்குள் தள்ளினால், எதிர்ப்பக்கம் கொஞ்சம் தளர்வு கிடைக்கும். அங்கே நெம்புகோலைக் கொடுத்தால் ஓரம் வெளியே வந்துவிடும். இது தெரியாதவர்கள்தான் பலத்தை எல்லாம் காட்டி, டியூபையும் கிழித்துவிடுகிறார்கள். மற்றதெல்லாம் நமக்குத் தெரிந்ததே: டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பது, உப்புத்தாளால் தேய்ப்பது, சொல்யூஷன் தடவிக் காயவிட்டுப் பட்டை ஒட்டுவது, முக்கியமாக டயருக்குள் விரலோட்டி முள்ளைத் தேடி எடுப்பது. பிரெஞ்சில் டியூபுக்கு 'காற்றறை' என்று பொருள்படும் பெயர். ஒட்டும் பட்டைக்கு 'ருஸ்தீன்'. லூயி ருஸ்தேன் என்ற தயாரிப்பாளரின் பெயரே சொல்லாகிவிட்டது.

கார்களுக்கு இந்தப் பாடம் மெதுவாக வந்தது. 1895-இல் பாரிஸ்-போர்தோ-பாரிஸ் பந்தயத்தில் மிஷ்லேன் சகோதரர்கள் காற்று டயர் போட்ட காரைத் தாங்களே ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர். கொண்டுபோன 22 டியூபுகளும் தீர்ந்தன. 100 மணி நேரக் கெடு கடந்துதான் பாரிஸ் சேர்ந்தார்கள். கெட்டி ரப்பர் சக்கரத்தில் ஓடிய லெவாசோர் 48 மணி 48 நிமிஷத்தில் முடித்துவிட்டார். கேலி செய்தவர்கள் பலர். சில ஆண்டுகளில் எல்லாக் காரும் காற்று டயருக்கு மாறிவிட்டது.

ஆனாலும் காரில் உபரிச் சக்கரம் கிடையாது. மழையோ இருட்டோ, சாலை ஓரத்தில் உட்கார்ந்து ஒட்டித்தான் ஆக வேண்டும். இதற்கு 1904-இல் வழி கண்டவர்கள் வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரில் இரும்புக்கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள். ஆரக்கால் இல்லாத, காற்றடைத்த டயரோடு கூடிய ஒரு வளையம். பஞ்சரான சக்கரத்தின் பக்கவாட்டில் கவ்வி மாட்டிக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். அவர்கள் கடை இருந்தது ஸ்டெப்னி தெருவில். அந்த வளையம் மறைந்து எவ்வளவோ காலமாயிற்று. பெயர் மட்டும் நம் ஊரிலும், 'எஸ்தெப்பி' என்று பிரேசிலிலும் தங்கிவிட்டது.

இப்போது டியூபே இல்லாத டயர்கள் வந்துவிட்டன. சில புதுக் கார்களில் ஸ்டெப்னியும் இல்லை; பதிலாக ஒரு டப்பா பசையும் சின்ன பம்பும் தருகிறார்கள். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் 1891-இல் நடந்தது வெறும் டயர் மாற்றமில்லை. வண்டி வைத்திருப்பவனே அதைப் பழுதுபார்க்கவும் முடியும் என்ற நிலை வந்தது. அதனால்தான் தபால்காரரும் பால்காரரும் வாத்தியாரும் சைக்கிளை நம்பி ஊர் விட்டு ஊர் போனார்கள்.

வீட்டில் பழைய சைக்கிள் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளையை உட்காரவைத்து அந்தப் பள்ளத்தைக் காட்டுங்கள். நெம்புகோல் இரண்டு போதும். விளக்க ஐந்து நிமிஷம் கூட ஆகாது.