ஆடிட்டர் ஏன் இவ்வளவு மெதுவு? – எஃப்.எஸ்.சி.கே-யின் கதை

போன செமஸ்டரில் ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு கரண்ட் போய்விட்டது. வந்ததும், சீனியர் ஒருவர் விட்டுச் சென்ற பழைய லினக்ஸ் கணினியை ஆன் செய்தால், திரையில் எஃப்.எஸ்.சி.கே ஓட ஆரம்பித்தது. ஃபைல்களின் கணக்கைச் சரிபார்க்கும் புரோகிராம் அது. சதவீதம் நகரவே இல்லை. விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். ஃபைல் தப்பித்தது. ஆனால் ஏன் இவ்வளவு நேரம்? தேடிப் படித்தால், நம்ம அக்கவுண்டன்சி பாடமே விடை வைத்திருக்கிறது!

யுனிக்ஸின் ஆரம்ப காலத்தில் இந்த வேலைக்கு ஐசெக், டிசெக் என்று தனித்தனி கருவிகள் இருந்தன. 1970களின் பிற்பகுதியில் டெட் கோவால்ஸ்கி எஃப்.எஸ்.சி.கே-யை எழுதினார். ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க்கில் எந்தெந்த பிளாக்குகள் சொந்தம் என்பதை ஐநோட் என்ற பதிவு சொல்லும். எல்லா ஐநோடையும் படித்து, ஒரே பிளாக்கை இரண்டு ஃபைல்கள் சொந்தம் கொண்டாடுகின்றனவா, காலி என்று குறித்தது நிஜமாகவே காலியா என்று இது பார்க்கும். பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டுகிற மாதிரி. டிஸ்க் பெரிதாகப் பெரிதாக நேரமும் கூடியது.

இதற்கு வந்த தீர்வின் பெயரே ஜர்னல்தான்! முதலில் குறிப்பேட்டில் எழுதி, பிறகு பேரேட்டுக்கு எடுத்து எழுதுவோமே, அதே முறை. கரண்ட் போனால் குறிப்பேட்டின் கடைசிப் பதிவுகளைப் பார்த்தால் போதும், சில நொடி வேலை. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸில் 1990-லேயே இது வந்துவிட்டது. லினக்ஸில் ஸ்டீபன் ட்வீடி உருவாக்கிய எக்ஸ்ட்3, 2001 நவம்பரில் 2.4.15 பதிப்பில் சேர்ந்தது.

பிரச்சினை தீர்ந்ததா என்றால், பாதிதான். டிஸ்க் பழுதானாலோ மென்பொருளே தப்பாக எழுதினாலோ குறிப்பேடு காட்டிக்கொடுக்காது. முழு ஆடிட் வேண்டும். 2008 டிசம்பரில் லினக்ஸ் 2.6.28-ல் முழுமை பெற்ற எக்ஸ்ட்4, இதுவரை பயன்படாத ஐநோட் பகுதிகளைக் குறித்து வைத்தது. வெற்றுப் பக்கங்களை ஆடிட்டர் புரட்ட வேண்டாம். 2013-ல் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடந்த பிளாக் பட்டியல்களை அருகருகே சேர்த்து வைத்தார்கள். டிஸ்க்கின் முள் அலையாமல் வரிசையாகப் படித்ததில், 10 மடங்கு வரை வேகம் கிடைத்தது.

கவனித்தீர்களா? ஆடிட்டரை யாரும் விரட்டவில்லை. கணக்கு எழுதும் முறையை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

என் கணினியில் இருந்தது எக்ஸ்ட்2, அதாவது குறிப்பேடே இல்லாத கணக்கு! இப்போது எக்ஸ்ட்4-க்கு மாற்றிவிட்டேன். கூடவே பென் டிரைவில் ஒரு காப்பியும். நீங்களும் எடுத்து வையுங்கள் நண்பர்களே.