நம்ம தீவை ஒரு நாள் காரில் சுத்தலாமா? (இழை)

1/ தீவு பார்க்க மாலத்தீவு, சைப்ரஸ்னு போறாங்க. திருச்சிக்காரங்க நாம தினமும் டவுன் பஸ்ல ஒரு தீவுக்குப் போய் வர்றோம்! தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவுல ஸ்ரீரங்கம். டூட்டி இல்லாத ஒரு ஞாயிறு, மேற்கு முனையிலிருந்து கிழக்கு முனை வரை காரில் போனேன். கூட வாங்க.

2/ காலையில முதல் ஸ்டாப் முக்கொம்பு. கரூர் ரோட்டில் சுமார் 18 கி.மீ. காவிரி இரண்டாகப் பிரியும் இடம். இதில் கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, சரிவும் அதிகம். சும்மா விட்டால் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடிடும். நம்ம ரத்தமும் அப்படித்தான், எதிர்ப்பு குறைந்த வழியில்தான் அதிகமாப் பாயும்.

3/ 1800-களின் தொடக்கத்தில் அதுதான் நடந்தது. காவிரி மண் மேவி மேடாச்சு, தண்ணீர் கொள்ளிடத்தில் போச்சு, தஞ்சாவூர் வயல்கள் தவிச்சுது. 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டினார். காவிரிக்கு மறுபடி தண்ணீர் வந்தது.

4/ அந்த அணைக்கு 182 வயசானப்போ, 2018 ஆகஸ்ட் 22 இரவு, கொள்ளிடம் பக்கத்தில் 9 மதகுகள் உடைஞ்சு விழுந்தன. மணல் அள்ளினதுதான் காரணம்னு விவசாயிகள் சொன்னாங்க. அரசுத் தரப்பு அணையின் வயசைச் சொன்னது. அப்புறம் புதிய கதவணை கட்டினாங்க.

5/ திரும்பி வந்து, காவிரிப் பாலம் ஏறி ஸ்ரீரங்கம். பெரிய கோயிலில் தன்வந்திரி சன்னதியைத் தேடிப் போங்க. 13-ஆம் நூற்றாண்டில், ஹொய்சள ராமநாதன் காலத்தில், இந்தக் கோயிலில் ஓர் ஆரோக்கியசாலை இருந்தது. ஆமாங்க, ஆஸ்பத்திரி! படையெடுப்பில் அது அழிஞ்சுது. கருடவாகன பட்டர் என்பவர் அதைப் புதுப்பிச்சு, தன்வந்திரியையும் எழுந்தருளச் செய்ததை 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்லுது. அரசு டாக்டரான எனக்கு அங்கே நின்னப்போ ஒரு மாதிரி ஆயிடுச்சு.

6/ சாப்பிட்டுட்டு, திருவானைக்காவல், உத்தமர்சீலி வழியா கிழக்கே போனா கல்லணை. இரண்டு ஆறும் மறுபடி நெருங்கி வரும் இடம். இங்கேயும் காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் சரியப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் கரிகாலன் கட்டியதாகச் சொல்லும் இந்த அணை.

7/ மேலே தெரியும் பாலமும் மதகும் பிற்காலத்தவை. பழசு அடியில் இருக்கு: ஆற்று மணலில் அமிழ்த்திய பாறைகள். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்த ஊர்க்காரர்களிடம்தான் கத்துக்கிட்டோம்னு காட்டனே பின்னாளில் எழுதியிருக்கார்.

8/ ஆக, இந்தத் தீவின் இரண்டு முனையிலும் மனுஷன் ஆற்றைப் பிடிச்சு நிறுத்தியிருக்கான். ஒரு தடவை கட்டினதோட முடியல. மண் எடுக்கணும், மதகு பார்க்கணும், விரிசல் அடைக்கணும். பிபி மாத்திரை மாதிரி. ஒழுங்கா வேலை செஞ்சா எதுவுமே நடக்காது. எதுவும் நடக்கலையேன்னு நிறுத்திட்டு, ஒரு நாள் ராத்திரி வாய் கோணி வர்றவங்களை நான் வார்டில் பார்க்கிறேன். 2018-ல டிவியில் அந்த மதகுகளைப் பார்த்தப்போ அவங்க ஞாபகம்தான் வந்தது.

9/ அடுத்த முறை கல்லணையில் மீன் வறுவல் சாப்பிட்டு முடிச்சதும், அஞ்சு நிமிஷம் பாலத்தில் நின்னு இரண்டு பக்கமும் பாருங்க. அப்புறம், "நல்லாத்தானே இருக்கேன்"னு பிபி மாத்திரையை நிறுத்தினவங்க வீட்டில் இருந்தா, நாளைக்கே ஓபிக்குக் கூட்டிட்டு வாங்க. அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம்தான். 🙏