யாருடைய செல்?

செல்லுக்குள் புரதம் உருவாகும் இடம் ரிபோசோம். மனித ரிபோசோமில் நான்கு ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் உண்டு. 28எஸ், 18எஸ் இரண்டும் பெரியவை. 5.8எஸ், 5எஸ் இரண்டும் மிகச் சிறியவை. மையவிலக்குக் கருவியில் சுழற்றும்போது ஒரு மூலக்கூறு எவ்வளவு விரைவாகப் படிகிறது என்பதைக் குறிக்கும் அளவுதான் ‘எஸ்’. இந்த எண்களை நானும் மனப்பாடம் செய்துதான் தேர்வு எழுதினேன். இவற்றை யாருடைய உடலிலிருந்து கண்டறிந்தார்கள் என்று எந்தப் பாடமும் எனக்குச் சொல்லவில்லை.

1968இல் ஜேம்ஸ் டார்னெலும் சக ஆய்வாளர்களும் ‘ஹீலா’ செல்களின் ரிபோசோமில் ஒரு புதிய சிறு ஆர்.என்.ஏ.வைக் கண்டார்கள். அது 28எஸ்ஸோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் அதுவரை கண்ணில் படவில்லை. சூடாக்கியதும் தனியே பிரிந்து வந்தது. இன்று அதைத்தான் 5.8எஸ் என்கிறோம்.

ஹீலா என்பது ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெயரின் முதலெழுத்துகள். 1920இல் வர்ஜீனியாவில் பிறந்த கறுப்பினப் பெண் அவர். புகையிலை வயல்களில் உழைத்து வளர்ந்தவர், ஐந்து பிள்ளைகளின் தாய். 1951இல் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குச் சென்றார். அவருடைய கட்டியிலிருந்து சிறு துண்டு எடுக்கப்பட்டது. அதை ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்கும் வழக்கமே அன்று இல்லை. அந்த ஆண்டு அக்டோபரில், 31 வயதில், அவர் இறந்தார். செல்கள் மட்டும் பெருகிக்கொண்டே இருந்தன. ஆய்வகங்கள் கேட்டபோதெல்லாம் அனுப்பப்பட்டன. அவருடைய பெயர் ‘ஹெலன் லேன்’ என்றுகூடத் தவறாக அச்சானது.

5எஸ்ஸின் கதை இன்னும் விசித்திரமானது. ஏறத்தாழ 120 எழுத்துகள் கொண்ட அதன் வரிசையை 1967இல் பெர்னார்ட் ஃபர்கெட்டும் ஷெர்மன் வைஸ்மனும் வெளியிட்டார்கள். அவர்கள் பயன்படுத்தியவை ‘கே.பி.’ செல்கள். ஓர் ஆணின் வாய்ப் புற்றுநோயிலிருந்து வளர்க்கப்பட்டவை என்று பதிவேடு சொன்னது. ஆனால் கே.பி. செல்களும் ஹீலாதான் என்று சோதனைகள் காட்டின. வேகமாகப் பெருகும் ஹீலா செல்கள் வேறு வளர்ப்புகளுக்குள் புகுந்து அவற்றை முழுதாக நிரப்பியிருந்தன. ஒரு பெண்ணின் செல் ஆணின் செல்லாகப் படிக்கப்பட்டது.

இந்தக் கலப்படத்தை 1960களில் வெளிக்கொணர்ந்தவர் ஸ்டான்லி கார்ட்லர். வெவ்வேறு ஆட்களிடமிருந்து வந்தவை என்று நம்பப்பட்ட பல செல்களில், பெரும்பாலும் கறுப்பினத்தவரிடம் மட்டுமே காணப்படும் ஒரு நொதி வகை இருந்தது. பெயரில் மறைந்துபோன அந்தப் பெண், தன் இனத்தின் அடையாளத்தால் ஆய்வகத்தில் கண்டுகொள்ளப்பட்டார். கலப்படத்தைத் தெளிவாகப் பிரித்தறிய அவருடைய குடும்பத்தின் ரத்தம் தேவைப்பட்டது, 1973இல் எடுத்தார்கள். தங்களுக்குப் புற்றுநோய் இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள் என்றே பிள்ளைகள் நினைத்தார்கள். தாயின் செல்கள் உயிரோடு இருப்பதையே அவர்கள் அப்போதுதான் அறிந்திருந்தார்கள்.

5எஸ் எல்லா மனிதருக்கும் பொதுவானதுதானே, யாருடையதாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். மூலக்கூறு பொதுவானதுதான். அதை அறியக் கொடுத்த உடல் பொதுவானது அல்ல. கண்டுபிடித்தவரின் பெயர் கட்டுரையின் தலைப்பின் கீழேயே இருக்கும். உடல் தந்தவர் ‘பொருள்களும் முறைகளும்’ என்ற பகுதியில், உப்புக் கரைசலுக்குப் பக்கத்தில், இரண்டு எழுத்தாக நிற்பார். வீட்டில் பெண்ணின் உழைப்பு எப்படிக் கணக்கில் வராமல் போகிறதோ, அப்படியே இங்கே அவளுடைய உடலும் போகிறது. இதை அறிவியலின் மீதான பழியாக நான் சொல்லவில்லை. அறிவியலின் வரலாற்றை முழுதாக எழுத வேண்டும் என்கிறேன்.

ஹீலா செல்களை விற்று லாபம் ஈட்டியதாகத் தொடுத்த வழக்கில், தெர்மோ ஃபிஷர் நிறுவனம் 2023இல் லாக்ஸ் குடும்பத்தோடு சமரசத்துக்கு வந்தது. அவர் இறந்து 72 ஆண்டுகள் ஆகியிருந்தன. நீதிமன்றம்வரை போக வேண்டியதைக் குடும்பம் செய்தது. வகுப்பறையில் செய்ய வேண்டியது மிகச் சிறியது. கரும்பலகையில் 5எஸ், 5.8எஸ் என்று எழுதும்போது, கீழே ‘ஹென்ரியெட்டா லாக்ஸ், 1920–1951’ என்று ஒரு வரி சேர்த்தால் பாடம் ஒன்றும் நீண்டுவிடாது.