டில்ட், பேன், ஜூம்... எது என்ன? மொபைலில் குறும்படம் எடுக்குறவங்க கவனத்துக்கு!

திருத்துறைப்பூண்டி பிறவி மருந்தீஸ்வரர் கோயில் முன்பு மொபைலோடு நிக்கிறீங்க. நின்ற இடத்திலேயே கேமராவை வாசலிலிருந்து கோபுரக் கலசம் வரை நிமிர்த்தினால், அது 'டில்ட்'. நடவு வயலை இடமிருந்து வலமாகத் திருப்பி எடுத்தால் 'பேன்'. கேமராவே நகர்ந்து போனால் 'டிராக்கிங்'. ஷூட்டிங்கில் 'டில்ட்' என்றதும் உதவியாளர் 'பேன்' செய்தால் அந்த டேக்கே வீண்.

அதிகம் குழப்புவது 'ஜூம்'. இதில் கேமரா நகராது. லென்ஸின் குவிய தூரம்தான் மாறும். மொபைலிலோ ஓரளவுக்கு மேல் ஜூம் செய்தால், படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கும், அவ்வளவுதான். தெளிவு போயிடும். நாத்து நடும் பாட்டியின் முகம் 'குளோஸ்-அப்'பில் வேணுமா? பாட்டிகிட்ட கேட்டுட்டு, வரப்பில் நாலு எட்டு கிட்டே போய் எடுங்க.