ஆவணி மாதத்து ஏடுகள்

மதுரைக்கு மாதந்தோறும் ஒரு திருவிழா உண்டு என்பது யாவரும் அறிந்ததே. சித்திரையில் திருக்கல்யாணமும் அழகர் ஆற்றில் இறங்குவதும், தையில் தெப்பமும் ஊரறிந்த விழாக்கள். ஆவணி என்றால் பிட்டுத் திருவிழா என்று சொல்லி நிறுத்திக்கொள்வோரே மிகுதி. நூலையும் நூல் செய்தோரையும் ஊர் கூடிக் கொண்டாடும் விழா ஒன்றைத் தமிழ்நாட்டில் தேடிப் புறப்பட்டால், நாம் வந்து சேரும் இடம் இந்த ஆவணி மாதமே. தமுக்கம் மைதானத்தில் 2006ஆம் ஆண்டு தொடங்கிய புத்தகத் திருவிழாவும் பெரும்பாலும் இம்மாதத்தை ஒட்டியே நடந்து வந்திருக்கிறது. இதை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் இத்தற்செயலின் பின்னால் நீண்ட வரலாறு ஒன்று கிடக்கிறது.

முதலில் தருமியை எடுத்துக்கொள்வோம். மீனாட்சியம்மன் கோயில் ஆவணி மூலப் பெருவிழாவில் நாளுக்கொரு திருவிளையாடல் நடத்திக் காட்டப்படுகிறது. கருங்குருவிக்கு உபதேசம், நாரைக்கு முத்தி, மாணிக்கம் விற்றது என்று செல்லும் வரிசையில் தருமிக்குப் பொற்கிழி அளித்த லீலையும் ஒன்று. ஒரு பாட்டு, அதற்கு ஆயிரம் பொன் பரிசு, அப்பாட்டில் பொருட்குற்றம் உண்டென்று ஒரு புலவரின் மறுப்பு, குற்றம் சொன்னவரோடு இறைவனே வந்து நடத்தும் வழக்கு. சற்று எண்ணிப் பார்த்தால் இது இலக்கியத் திறனாய்வுக்கு எடுக்கப்படும் விழா. அந்தப் பாட்டு குறுந்தொகையில் இரண்டாம் பாட்டாக இன்றும் இருக்கிறது. தருமிக்குப் பொற்கிழி கிடைத்த செய்தி ஏழாம் நூற்றாண்டிலேயே அப்பர் தேவாரத்தில் இடம்பெற்றுவிட்டது. அக்கோயிலினுள்ளேயே சங்கப் புலவர்களுக்குத் தனிச் சன்னதியும் உண்டு. பூமாலை சாத்தப்பெறும் புலவர் கூட்டம் வேறெங்கேனும் உண்டா என்று அன்பர்கள்தாம் சொல்ல வேண்டும்.

ஸ்பெயின் நாட்டுக் கட்டலோனியாவில் புனித ஜார்ஜ் திருநாளன்று புத்தகமும் ரோசாப்பூவும் பரிமாறிக்கொள்ளும் வழக்கத்தைப் பலரும் வியந்து எழுதுகின்றனர். அங்கே புத்தக நாள் 1926இல் தொடங்கப்பெற்று, 1930இல் ஏப்ரல் 23க்கு மாற்றப்பட்டது. யுனெஸ்கோ 1995இல் அந்நாளையே உலகப் புத்தக நாளாக அறிவித்தது. நல்ல வழக்கம்தான். நம் ஊர் வழக்கத்தின் அகவையையும் நாம் சற்று நினைவிற்கொள்ளலாம் என்பதற்காகவே இதனைக் குறிப்பிட்டோம்.

இனி, நாம் சொல்லவந்த பொருள் திருவேடகத்தில் இருக்கிறது. மதுரைக்கு வடமேற்கே, சோழவந்தானுக்கு அருகில், வைகைக் கரையில் அமைந்த ஊர். இறைவன் ஏடகநாதர், இறைவி ஏலவார்குழலி. ஆவணிப் பௌர்ணமியன்று இங்கே நடப்பது ஏடு எதிரேறிய விழா. கூன்பாண்டியன் அவையில் திருஞானசம்பந்தருக்கும் சமணருக்கும் நடந்த வாதத்தில், இரு தரப்பாரும் தத்தம் ஏட்டை முதலில் நெருப்பில் இட்டனர். பின்னர் ஆற்றில் விட்டனர். சம்பந்தரின் ஏடு நெருப்பில் வேகவில்லை. ஆற்றிலோ நீரை எதிர்த்துச் சென்று இவ்வூரில் நின்றது என்பது வரலாறு. விரிவாகச் சொன்னவர் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார். ஓலை நீரை எதிர்த்து ஊர்ந்தது பற்றிய குறிப்பு சம்பந்தரின் திருப்பாசுரத்திலேயே காணப்படுகிறது.

ஏடு வந்து நின்றதால் ஏடகம் என்று ஊர்ப்பெயருக்கு விளக்கம் சொல்வது மரபு. ஆனால் இத்தலத்துக்குச் சம்பந்தர் பாடிய பதிகத்திலேயே ஊர் ஏடகம் என்றுதான் வழங்குகிறது. அந்த ஏடு நிற்பதற்கு முன்பே ஊருக்கு அப்பெயர் இருந்திருக்கலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது. இதனால் விழாவின் சிறப்பு ஒன்றும் குறைந்துவிடாது.

விழாவின் நாயகன் ஓர் ஓலை என்பதால், ஓலையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பனையோலையை அளவாக நறுக்கிப் பதப்படுத்தி, துளையிட்டு, எழுத்தாணியால் கீறி எழுதுவர். கீறிய எழுத்து எளிதில் கண்ணுக்குப் புலனாகாது. ஆகவே கரியும் பச்சிலைச் சாறும் தடவித் துடைப்பர். கீறலில் மட்டும் மை தங்கும். குழந்தைக்கு முதன்முதலில் சுவடி கொடுக்கும்போது இதனையே மையாடல் என்னும் மங்கலச் சடங்காகச் செய்தனர். பக்கத்துக்குப் பக்கம் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினால் அது சுவடி. எத்துணைப் பேணினாலும் சில நூற்றாண்டுகளுக்குமேல் ஓலை தாங்குவது அரிது. பூச்சி அரிக்கும், ஓரம் முறியும். ஒவ்வொரு நூலும் தலைமுறைதோறும் யாரோ ஒருவரால் படியெடுக்கப்பட்டால்தான் நம் கைக்கு வந்து சேரும். காலத்தை எதிர்த்து ஏடு ஏறிவந்தது என்பதைப் படியெடுத்தவர்களின் கணக்கில் வைத்தாலும் பொருந்தும்.

எதிரேறிய ஏட்டை விழா நினைவுகூர்கிறது. எதிரேறாத ஏடு என்ன ஆயிற்று? சமணர் தம் ஓலையில் ‘அத்தி நாத்தி’ என்று எழுதி விட்டனர் என்கிறது பெரியபுராணம். உண்டு என்றும் இல்லை என்றும் ஒரு பொருளைப் பல நோக்கில் காணும் சமணத் தத்துவத்தின் சுருக்கம் அது. அந்த ஓலையை வெள்ளம் கொண்டுபோயிற்று. தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறினர் என்று கதை முடிகிறது. திருவேடகத்து விழாவைப் புத்தக விழா என்று நாம் மகிழ்ந்து சொல்லும்போது இந்தப் பகுதியை விழுங்கிவிடுதல் நேர்மையாகாது.

இதில் வரலாறு எவ்வளவு, புராணம் எவ்வளவு என்பது நெடுநாள் வழக்கு. கழுவேற்றத்துக்குச் சமகாலக் கல்வெட்டுச் சான்று கிடைக்கவில்லை. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளோ வேறு செய்தி சொல்கின்றன. கீழக்குயில்குடிச் சமணர் மலை, ஆனைமலை, கீழவளவு ஆகிய இடங்களில் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் உள்ளன. அவற்றின் கீழே, செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அச்சணந்தி என்னும் துறவியின் பெயர் இக்குன்றுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. குறண்டித் திருக்காட்டாம்பள்ளியைச் சேர்ந்த ஆசிரியர்களும் அவர்தம் மாணாக்கர்களும் சமணர் மலைக் கல்வெட்டுகளில் இடம்பெறுகின்றனர். சம்பந்தருக்கு இரு நூற்றாண்டுகள் கழித்தும் மதுரைப் பக்கத்தில் சமணப் பள்ளியும் பாடமும் நடந்துகொண்டிருந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. எண்ணாயிரம் என்பதை எண்ணிக்கையாகக் கொள்ள நாம் உடன்படவில்லை. ஆனால் ஒரு சமூகத்தின் தோல்வியை அத்துணைக் கொடிய கதையாகச் சொல்லி மகிழும் மனநிலை ஒரு காலத்தில் இருந்தது என்பது மட்டும் மறுக்க முடியாத உண்மை.

வியப்பு என்னவென்றால், இதே வைகையில், இதே எண்ணாயிரம் என்னும் எண்ணோடு, சமணருக்கும் ஓர் எதிரேறிய ஏட்டுக்கதை உண்டு. பஞ்சம் பிழைக்கப் பாண்டிநாடு வந்த சமண முனிவர் எண்ணாயிரவர், பஞ்சம் தீர்ந்ததும் ஊர் திரும்ப விரும்பினர். பாண்டியன் விடை தரவில்லை. ஆளுக்கொரு வெண்பா எழுதித் தம் இருக்கையின்கீழ் வைத்துவிட்டு இரவோடிரவாகப் புறப்பட்டனர். சினந்த மன்னன் அவ்வோலைகளை வைகையில் எறியச் செய்தான். நானூறு ஓலைகள் மட்டும் நீரை எதிர்த்து வந்தன, அவையே நாலடியார். இந்நூலை நாற்பது அதிகாரங்களாக வகுத்தவர் பதுமனார் என்பர். நூலுள் முத்தரையர் குறிப்பு இரண்டிடத்தில் வருவதைக் கொண்டு ஏழாம் நூற்றாண்டை ஒட்டியது என்று அறிஞர் பலர் கணித்தனர். அப்படியானால் அது சம்பந்தர் வாழ்ந்த காலத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. எக்கதை எதனைப் பார்த்துப் பிறந்தது என்று தீர்ப்புச் சொல்ல இயலாது. ஒரே ஆற்றங்கரையில் இரு சமயத்தாரும் தம் நூலின் பெருமையைச் சொல்ல ஒரே படிமத்தைக் கையாண்டனர் என்று கொள்வதே முறை.

வகுப்பில் நாலடியாரை நடத்துகையில் மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, அந்த நானூறு ஓலைக்கும் விழா உண்டா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அவ்வோலைகள் கரையேறிய இடத்துக்கு ஏடகம் போல ஒரு பெயர் நிலைக்கவில்லை. ஆண்டு விழா ஒன்றும் நாம் கேள்விப்பட்டதில்லை என்றே விடை சொல்லிவருகிறோம். இத்தனைக்கும் நூலை வழிபடுவதில் சமணர் யாருக்கும் பின்தங்கியவரல்லர். தம் ஆகமம் ஏட்டில் எழுதி நிறைவுற்ற நாளைத் திகம்பரர் சுருத பஞ்சமி என்று கொண்டாடுகின்றனர். கன்னடத்தில் அத்திமப்பை என்னும் அம்மையார் பத்தாம் நூற்றாண்டில் பொன்னரின் சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். கும்பகோணத்தில் சீவக சிந்தாமணியைப் பாடம் கேட்டு முடித்த சமணர்கள் அந்நிறைவை வீட்டில் விழாவாகவே கொண்டாடியதை உ.வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திரத்தில்’ பதிவு செய்திருக்கிறார். அச்சமணர்களிடம் ஐயம் கேட்டுத் தெளிந்து, 1887இல் சிந்தாமணியை அச்சேற்றியவர் சைவராகிய ஐயரே. அனல்வாதமும் புனல்வாதமும் நடந்ததாகச் சொல்லப்படும் தமிழ்நாட்டில் இது சிறிய செய்தியன்று.

நெருப்பின் கதை பழங்காலத்தோடு முடியவில்லை. ஸ்காட் என்னும் ஆங்கிலேயர் திருக்குறளைத் தம் விருப்பப்படி எதுகை மோனை ‘திருத்தி’ அச்சிட, பாண்டித்துரைத் தேவர் எல்லாப் படிகளையும் விலைகொடுத்து வாங்கிக் கொளுத்தினார் என்று மதுரையில் பெருமையோடு சொல்வர். மேடைகளில் இக்கதைக்குக் கைதட்டல் உறுதி. தேவர்மீது நாம் கொண்ட மதிப்பு பெரிது. ஆயினும் இக்கதை கேட்கும்போதெல்லாம் மனம் சற்றுச் சுளிக்கிறது. ஒரு படியையேனும் வைத்திருந்தால் அந்தத் திருத்தங்கள் யாவை என்று இன்று பார்த்துச் சிரித்திருக்கலாமே! தேவரின் உண்மையான கொடை வேறு. 1901 செப்டம்பர் 14 அன்று, அதாவது ஆவணி முடியும் தறுவாயில், அவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் அது. சங்கத்தோடு பாண்டியன் புத்தகசாலையும், 1902 முதல் ‘செந்தமிழ்’ இதழும், பண்டிதத் தேர்வுகளும் வந்தன. தமிழாசிரியர் மரபில் நம் முன்னோர் பலர் அத்தேர்வுகள் வழியாக வந்தவர்களே.

அச்சுப் புத்தகம் பொதுமக்களிடம் சென்ற வழி வேறு. கோயிலின் கீழைக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில், தையற்காரர்களுக்கும் பாத்திரக் கடைகளுக்கும் நடுவே புத்தகக் கடைகள் இருந்தன. இ.மா. கோபாலகிருஷ்ணக் கோன் போன்ற பதிப்பாளரின் முகவரியே புதுமண்டபம்தான். அம்மானை, பெரிய எழுத்துக் கதைகள், புராண வசனங்கள், பஞ்சாங்கம் எல்லாம் அங்கே கிடைத்தன. திருவிழாவுக்கு வந்த கிராமத்தார் வளையலோடு ஒரு அல்லியரசாணி மாலையையும் வாங்கிச் சென்ற காலம் அது. அண்மை ஆண்டுகளில் மண்டபத்துக் கடைகள் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன.

தமுக்கத்துப் புத்தகத் திருவிழா இவற்றின் தொடர்ச்சியே. சென்னையில் 1977இல் தொடங்கிய கண்காட்சியை நடத்தும் தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கம், மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து 2006இல் மதுரையில் விழாவைத் தொடங்கியது. த. உதயச்சந்திரன் அப்போது மாவட்ட ஆட்சியர். 2019 வரை பதினான்கு விழாக்கள் நடந்தன. கொரோனாவால் இரண்டாண்டு இடைவெளி விழுந்து, 2022இல் மீண்டும் தொடங்கியது. இராணி மங்கம்மாளின் கோடை மாளிகையை, இன்றைய காந்தி அருங்காட்சியகத்தை, அடுத்த திடல் அது. யானைச் சண்டையும் பொருட்காட்சியும் பார்த்த மண்ணில் இப்போது புத்தக அரங்குகள்.

இவ்விழாவில் குறை சொல்ல நிறைய உண்டு. சொற்பொழிவு மேடையின் ஒலிபெருக்கி அரங்குக்குள் புரட்டிப் படிப்பவரை நிம்மதியாக விடுவதில்லை. போட்டித்தேர்வு நூல்களும் சமையற் குறிப்பும் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. ஆயினும் ஒன்றைக் கவனித்தோம். தேவாரமும் நாலடியாரும் ஒரே பதிப்பகத்தின் ஒரே தட்டில், விலைச்சீட்டு ஒட்டி, அடுத்தடுத்து நிற்கின்றன. பெரியாரும் பரஞ்சோதி முனிவரும் எதிரெதிர் அரங்கில் விற்கின்றனர். இவற்றில் ஒன்று வெல்ல மற்றொன்று ஆற்றோடு போகவேண்டிய கட்டாயமில்லை. மதுரையின் நூல் விழாக்களுள் இவ்வியல்பு கொண்டது இதுதான் என்பது நம் கருத்து.

வரும் ஆண்டு விழாவுக்கு வெளியூரிலிருந்து வரும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு காலைப் பொழுதைக் கீழக்குயில்குடிக்கு ஒதுக்குங்கள். மலையடியில் தாமரைக் குளமும் ஐயனார் கோயிலும் இருக்கின்றன. அங்கிருந்து படியேறினால் பேச்சிப்பள்ளம். சுனையின் மேலே பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள், அவற்றின்கீழ் வட்டெழுத்து. வெயில் உச்சிக்கு ஏறுமுன் சென்றுவிட்டால் சாய்ந்த ஒளியில் எழுத்து நன்கு துலங்கும். கையில் தண்ணீர் கொண்டுசெல்வது நலம். அப்படியே ஒரு நாலடியாரும்.