வெண்பாவின் கடைசியில் ஒரு காசு

யாப்பு என்றதும் தேமா, புளிமா என்று பள்ளியில் உருப்போட்டதுதான் நம்மில் பலருக்கு ஞாபகம் வரும். வெளிமாநிலத்தில் படிக்கும் நம் பிள்ளைகளில் பலருக்கு அதுவும் இல்லை. விஷயம் என்னவோ எளிதுதான். குறில் தனியாகவோ நெடில் தனியாகவோ வந்தால் நேர். இரண்டு குறிலோ, குறிலும் நெடிலுமோ இணைந்து வந்தால் நிரை. பின்னால் புள்ளி எழுத்து வந்தாலும் கணக்கு மாறாது. தே-மா என்பது நேர் நேர். புளி-மா என்பது நிரை நேர். பெயரே அளவுகோல்! அசைகள் சேர்ந்தால் சீர், சீர்கள் சேர்ந்தால் அடி, சீரும் சீரும் கட்டுண்பது தளை.

எனக்குப் பிடித்தது இதன் பின்னால் இருக்கும் சரித்திரம். தொல்காப்பியத்தில் அசை இரண்டல்ல, நான்கு: நேர், நிரை, நேர்பு, நிரைபு. நேர், நிரைக்குப் பின்னால் ஓர் உகரம் ஒட்டிக்கொண்டால் அதையும் சேர்த்து ஓரசையாகவே எண்ணினார்கள். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சமணரான அமிதசாகரர் யாப்பருங்கலக்காரிகை எழுதியபோது அசை இரண்டாகிவிட்டிருந்தது. (காரிகை முழுக்க ஒரு பெண்ணை விளித்துச் சொல்லும் பாடம் என்பது தனிச் சுவை.) பின்னால் படித்தவர்களுக்கெல்லாம் அதுவே பாடப்புத்தகம்.

ஆனாலும் பழைய கணக்கை முழுசாக மூட முடியவில்லை. குறளில் முதலடிக்கு நாலு சீர், அடுத்ததற்கு மூன்று. அந்த ஏழாவது சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றின் அளவில்தான் முடிய வேண்டும். நாள் நேர், மலர் நிரை. காசும் பிறப்பும்? வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அதே நேர்பும் நிரைபும்தான்! வங்கிக்காரன் கண்ணில் முதலில் பட்டது காசுதான், சிரிக்காதீர்கள். இன்று ராத்திரி பிள்ளைகளோடு பத்துக் குறளின் கடைசிச் சொல்லை மட்டும் பிரித்துப் பாருங்கள்.