காஞ்சியின் கற்களைப் படித்த அறிவியல் ஆசிரியர்

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலின் திருச்சுற்றை ஒட்டி வரிசையாக அமைந்த சிற்றாலயங்கள் சிலவற்றின் உட்சுவரில், சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடங்களில், மங்கிய வண்ணக் கோடுகள் தென்படும். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கோயிலின் ஓவிய எச்சங்கள் அவை. பிற்காலத்தார் பூசிய பூச்சினுள் புதைந்து கிடந்த அவற்றை 1931-இல் உலகறியச் செய்தவர் தொல்லியல் துறை அலுவலர் அல்லர். வரலாற்றுப் பேராசிரியரும் அல்லர். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் அறிவியல் பாடம் கற்பித்து வந்த ஜூவோ துப்ராய் (1885–1945) என்பவரே அவர்.

மனம் விரும்புவதையே தொழிலாக்கிக் கொள்க என்று இளைஞர்க்கு அறிவுரை கூறுவோர் இன்று பெருகியுள்ளனர். அவ்வறிவுரையை உரசிப் பார்ப்பதற்கு இவருடைய வாழ்வு ஏற்ற உரைகல் என்பது நம் எண்ணம். கோயிற் கட்டடக் கலை பற்றிய செய்தி நம் இதழில் எதற்கு என்று வினவும் வாசகர் சற்றே பொறுத்தருள்க.

சைகோனில் பிறந்த துப்ராய், ஆசிரியப் பணியின் பொருட்டுப் புதுச்சேரி வந்தவர். ஊதியம் வகுப்பறையில் கிடைத்தது; உள்ளமோ பழங்கோயில்களில் இருந்தது. ஓய்வுநாளில் ஊர் சுற்றிப் பார்க்கும் வேட்கை பலர்க்கும் உண்டு. அவரை வேறுபடுத்தியது, வகுப்பறையில் பயின்ற ஒழுங்கை அவ்வேட்கையின்மேல் ஏற்றியதேயாம். மன்னர் பெயர் பொறித்த கல்வெட்டு இல்லாத கோயிலின் காலத்தை எவ்வாறு கணிப்பது? செடிகொடிகளை வகைப்படுத்துவோர் இலையையும் பூவிதழையும் எண்ணுவது போல, அவர் தூண்களின் உறுப்புகளை எண்ணத் தொடங்கினார்.

தூணின் தலைப்பில் உத்தரத்தைத் தாங்கி நிற்கும் உறுப்பைப் போதிகை என்பர். பல்லவர் காலப் போதிகையில் அலையலையாகச் சுருள்கள் அமையும். அதனைத் தரங்கப் போதிகை என்பது வழக்கு. சோழர் காலத்தில் அது சரிவாக வெட்டப்பட்டு நடுவே ஒரு முனை நீண்டு நிற்கும். விசயநகரக் காலத்தில் அம்முனை கீழ்நோக்கி வளைந்து பூமொட்டாக மாறும். நாயக்கர் காலத்திலோ மொட்டு மேலும் தொங்கி மலரும். இவ்வளர்ச்சியை ஒரே தொடராகக் கண்டு, போதிகையை நோக்கியே கட்டடத்தின் காலத்தைக் கூறலாம் என்று நிறுவினார். உறுப்புகளின் பெயர்களையும் இலக்கணத்தையும் அவர் நூல்களிலிருந்து மட்டும் பெறவில்லை. தம் காலத்தில் உளி பிடித்துக்கொண்டிருந்த தமிழ்ச் சிற்பிகளிடம் கேட்டுக் கற்றார். காஞ்சி நெசவாளர் ஒருவர் கரையையும் உடலையும் இணைக்கும் கோர்வையைத் தடவிப் பார்த்தே சேலையின் தரத்தைச் சொல்லிவிடுவார் அன்றோ? அத்தகைய கைத்தொழில் அறிவை ஆய்வுக்குரிய சான்றாக மதித்ததே அவருடைய பெருமை என்போம்.

இம்முயற்சி 1914-இல் பாரிசில் தென்னிந்தியத் தொல்லியல் என்னும் இரு தொகுதி நூலாக வெளிவந்தது. பல்லவர் வரலாறு பற்றிய நூல் 1917-லும், காஞ்சியிலுள்ள மகேந்திரவர்மன் கல்வெட்டைப் பற்றிய சிறுநூல் 1919-லும் வந்தன. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் சிறுவர்கள் பொறுக்கிய மணிகளைக் கண்டு, 1937-இல் அவ்விடத்தின் உரோமத் தொடர்பை உய்த்துணர்ந்தவரும் அவரே. மார்ட்டிமர் வீலர் அங்கு அகழ்ந்த 1945-ஆம் ஆண்டே துப்ராய் மறைந்த ஆண்டுமாயிற்று.

இவ்வளவோடு நிறுத்தினால் இது புகழுரையாகிவிடும். இதே காஞ்சியில் இதே கண்கள் செய்த மற்றொரு செயலையும் கூறியாக வேண்டும்.

1920-களில் காஞ்சிப் பகுதியில் சிதறிக் கிடந்த யோகினிச் சிற்பங்கள் சிலவற்றைத் துப்ராய் கண்டார். பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த, பேரழகு வாய்ந்த கருங்கற் சிற்பங்கள் அவை. அவற்றின் மதிப்பை அன்று அவரளவு உணர்ந்தவர் மிகச் சிலரே. உணர்ந்தவரே அவற்றைப் பாரிசிலிருந்த சி. டி. லூ என்னும் கலைப்பொருள் வணிகருக்கு அனுப்பிவைத்தார். அங்கிருந்து அவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள அருங்காட்சியகங்களுக்குப் பிரிந்து போயின; சில மட்டுமே சென்னையில் உள்ளன. இத்தொகுதியைச் சேர்ந்த பத்தொன்பது சிற்பங்களின் பயணத்தைக் கலை வரலாற்றறிஞர் பத்மா கைமல் 2012-இல் வெளியிட்ட நூலில் தேடித் தொகுத்துள்ளார்.

தொல்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துவதற்கென்றே ஒரு சட்டம் 1947-இல்தான் வந்தது என்று அவர் சார்பில் வாதிடலாம். கவனிப்பாரற்றுக் கிடந்தவை காப்பாற்றப்பட்டன என்றும் கூறலாம். இவ்வாதங்களை நாம் முற்றிலும் தள்ளவில்லை. ஆயினும் போதிகை ஒன்று இன்ன இடத்தில் இருப்பதனாலேயே சான்றாகிறது என்று உலகுக்குக் கற்பித்தவர், சிற்பங்களை இடம் பெயர்த்தால் எது அழியும் என்பதை அறியாதவர் அல்லர். அறிவு பெற்றவனிடம் பொருள் அமானிதமாகிறது. அவ்வமானிதத்தை அவர் அன்று பேணவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னர், வானியலிலும் கணிதத்திலும் தேர்ந்த அல்பிரூனி இந்தியாவின் அறிவை நாடி வடமொழி கற்று, ஏறத்தாழ 1030-இல் கிதாபுல் ஹிந்த் என்னும் நூலை முடித்தார். படையெடுப்பின் நிழலில் இங்கு வந்த அவ்வறிஞர், தம் நூலில் கொண்டு சென்றது பாடங்களையே.

வாசகரைப் பொறுக்கச் சொன்னதன் காரணத்தை இனிக் கூறலாம். நம் கடற்கரை ஊர்களின் பழைய இல்லங்களிலிருந்து அரபுத் தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளையும் கிதாபுகளையும் தேடித் திரட்டும் வேட்கை நம் இளைஞர் சிலரிடம் தோன்றியுள்ளது. மகிழத்தக்க செய்தி. ஆனால் எந்த ஊரில், எந்த வீட்டில், எவரிடமிருந்து பெற்றோம் என்ற குறிப்பின்றி ஏடு கைமாறுமாயின், எழுத்து மிஞ்சும். அதை ஓதிய குடும்பமும் மதரஸாவும் மறையும். அவ்வேட்கையையே வாழ்க்கைப் பணியாக்கிக் கொள்வோர், பிரதியின் முதல் தாளைப் படிக்குமுன் அக்குறிப்பை எழுதி வைக்கட்டும்.

கைலாசநாதர் கோயிலில் 1931-இல் வெளிப்பட்ட ஓவியங்கள் சுவரோடு சுவராக இருந்தமையால் இன்றும் காஞ்சியிலேயே உள்ளன. காண்போர் அவற்றை இராசசிம்மன் பெயரோடு சேர்த்தே காண்கின்றனர். யோகினியர் வீற்றிருந்த கோயில் காஞ்சியின் எப்பகுதியில் நின்றது என்பது மட்டும் இன்றளவும் ஐயத்துக்குரியதாகவே உள்ளது.